கொடையா? திறையா?

மேனாட்டு அரச குடும்பங்களைப் பற்றிய செய்தியென்றால் நம் வீடுகளில் அதற்குத் தனி மதிப்புண்டு. 2023 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் இலண்டன் மாநகரில் முடிசூடிய காட்சியைப் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாகக் கூடியிருந்து தொலைக்காட்சியிற் கண்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! பொன் வேய்ந்த குதிரை வண்டியைக் கண்டு வியந்தோம். மணிமுடியின் ஒளியைக் கண்டு மகிழ்ந்தோம். அவ்விழாவிற்கு அந்நாட்டு அரசாங்கம் செலவிட்ட தொகை 7 கோடியே 20 இலட்சம் பவுண் என்பது அடுத்த ஆண்டிலேதான் வெளியாயிற்று. அப்பணம் அரசருடைய பணம் அன்று. ஆலைத் தொழிலாளியும் ஆசிரியரும் கடைக்காரரும் இறுத்த வரிப்பணம்.

இச்செய்தி எமது உயர்தர வகுப்பிலே பேச்சுக்கு வந்தபோது மாணவன் ஒருவன், “வாக்குக் கேளாமலே பதவிக்கு வருபவருக்கு மக்கள் ஏன் வரிப்பணம் கொடுக்க வேண்டும்?” என்று வினவினான். “வாக்குக் கேட்டு வந்தவர்கள் குறைவாகவா செலவழித்தார்கள்?” என்று மற்றொருவன் உடனே மறுமொழி கூறினான். வகுப்பு முழுவதும் நகைத்தது. நகைப்பு அடங்கிய பின்னும் அவ்விரு வினாக்களும் அடங்கவில்லை. அறிவியலும் குடியாட்சியும் வளர்ந்த ஒரு நாடு, பிறப்புரிமையால் அரசிருக்கும் ஒரு குடும்பத்தைப் பொதுப்பணத்தாற் பேணுதல் தகுமா என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய்தல் நன்று.

முதலிலே பணம் வரும் வழியை அறிதல் வேண்டும். 1760 ஆம் ஆண்டில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அரியணை ஏறியபோது, முடிக்குரிய நிலங்களின் வருவாயை நாட்டுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் வழங்கும் மானியத்தை ஏற்றுக்கொண்டார். பல தலைமுறைகள் இவ்வேற்பாடு சிற்சில மாற்றங்களுடன் நடந்து வந்தது. 2011 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று அதனைப் புது உருவில் அமைத்தது. முடிக்குரிய நிலங்கள் ஈட்டும் இலாபம் முழுவதும் திறைசேரிக்குச் செல்லும். அதில் ஒரு குறித்த விகிதத்திற்குச் சமமான தொகையைத் திறைசேரி அரசருக்கு வழங்கும். முதலில் இவ்விகிதம் நூற்றுக்குப் 15 ஆக இருந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையின் பழுதடைந்த மின்கம்பிகளையும் நீர்க்குழாய்களையும் பத்தாண்டுகளில் 36 கோடியே 90 இலட்சம் பவுண் செலவிற் புதுப்பிக்க வேண்டுமென்று 2017 இல் நூற்றுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. 2024 இல் 12 ஆகக் குறைக்கப்பட்டது.

விகிதம் பாதியாகக் குறைந்ததென்றால் தொகையும் பாதியாகக் குறைந்திருக்கும் என்று எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. 2012 ஆம் ஆண்டிலே 3 கோடியே 10 இலட்சம் பவுணாகத் தொடங்கிய மானியம், 2024-25 இல் 8 கோடியே 63 இலட்சமாகவும், 2025-26 இல் 13 கோடியே 21 இலட்சமாகவும் வளர்ந்தது. காரணம் காற்று! கரையிலிருந்து 12 கடல்மைல் வரையுள்ள கடலடி நிலம், ஸ்கொத்லாந்து நீங்கலாக, முடிக்குரிய நிலத்தோடு சேர்ந்தது. அங்கே காற்றாலைகளை நாட்டி மின்சாரம் எடுக்கும் நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்துக் குத்தகை எடுத்தன. அதனால் அந்நிலங்களின் ஆண்டு இலாபம் 110 கோடி பவுண் அளவிற்கு ஏறியது. அரசரின் பங்கும் உடன் ஏறியது. அரண்மனைத் திருத்த வேலையை முடிப்பதற்கே இம்மேலதிகப் பணம் என்று அரசாங்கம் விளக்கம் கூறியது. அவ்விளக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டாலும், கடலிலே வீசும் காற்றுக்கும் அரண்மனையின் தேவைக்கும் என்ன தொடர்பு என்ற வினா எஞ்சி நிற்கின்றது. காற்று மிகுந்தாற் படி ஏறும். குறைந்தாலோ, ஒரு முறை ஏறிய தொகை முன்னாண்டுத் தொகைக்குக் கீழே இறங்கலாகாது என்று அச்சட்டமே காப்பளிக்கின்றது. எந்த உழவனுக்கு, எந்த மீனவனுக்கு இத்தகைய சட்டம் உண்டு?

இவ்விடத்தில் முடியாட்சியை ஆதரிப்போர் ஒரு நியாயம் கூறுவர். “நிலம் அரசருடையது, அதன் வருவாயிற் பெரும்பகுதியை நாட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சிறு பங்கையே அவர் பெறுகின்றார், ஆதலால் நாடே அவருக்குக் கடன்பட்டிருக்கின்றது” என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையான இவ்வாதம் ஆராய்ந்து பார்க்கையில் நிலைக்கவில்லை. முடிக்குரிய நிலம் வேறு, முடிசூடியவரின் சொந்த நிலம் வேறு. முன்னதை அரசர் விற்கவும் இயலாது. தம் பிள்ளைக்கு முதுசமாக எழுதி வைக்கவும் இயலாது. அன்றியும், 1760 க்கு முன் அவ்வருவாயைக் கொண்டே நீதிபதிகளுக்கும் தூதர்களுக்கும் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு அரசரிடம் இருந்தது. அஃதாவது, அது ஆட்சி நடத்துவதற்கான பணம். ஆட்சிப் பொறுப்பு அரசரை விட்டு நீங்கியபோது பணமும் நீங்கியது முறையே.

எதிர்ப்போர் கூறும் கணக்கும் முழு உண்மையைக் காட்டுவதில்லை. 13 கோடி பவுண் என்றவுடன் நமக்கு மலைப்பாக இருக்கின்றது. பிரித்தானிய மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தால் ஆளொருவருக்கு ஆண்டுக்கு இரண்டு பவுணுக்கும் சற்றுக் குறைவே வரும். பாதுகாப்புச் செலவு இம்மானியத்திற் சேராது என்பது உண்மை. அதனையும் பிறவற்றையும் கூட்டி ஆண்டுச் செலவு ஐம்பது கோடி பவுணுக்கும் மேல் என்று கணிப்போரும் உளர். அவ்வாறே கொண்டாலும் ஆளுக்கு எட்டுப் பவுண் அளவில் நிற்கும். குடியரசுத் தலைவருக்கும் மாளிகை வேண்டும், காவலர் வேண்டும், விருந்தும் பயணமும் வேண்டும். நம் நாட்டையே பாருங்கள். 1986 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பதவி நீங்கிய சனாதிபதிகளுக்கும் அவர்கள் காலமானால் அவர்தம் மனைவியர்க்கும் வீடு, வாகனம், செயலாளர், ஓய்வூதியம் முதலியவற்றை வழங்கி வந்தது. 2025 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் அச்சட்டம் நீக்கப்பட்டது. முடியில்லாத நாட்டிலும் முடிமன்னர்க்குரிய படிகள் கிளைத்து வளரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆகவே, மிச்சம் பிடிப்பதற்காகவே அரசரை நீக்க வேண்டும் என்ற வாதமும், உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்பதற்காக அரசரை வைத்திருக்க வேண்டும் என்ற வாதமும் ஒரே தரத்தன. ஒரு நாட்டின் தலைமையைக் கடைக் கணக்கினால் நிறுக்க இயலாது.

அப்படியானால் அப்பணத்தினால் மக்கள் எதனைப் பெறுகின்றனர்? கட்சிக்கு அப்பாற்பட்ட ஒரு தலைமையை என்பது விடை. இதற்கு நோர்வே நாட்டு வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. 1905 ஆம் ஆண்டில் அந்நாடு சுவீடனோடு இருந்த இணைப்பை நீக்கிக்கொண்டபோது டென்மார்க் நாட்டு இளவரசர் கார்ல் என்பவரை அரசராக வருமாறு அழைத்தது. அவர் உடனே இசையவில்லை. மக்கள் முடியாட்சியை விரும்புகின்றனரா என்பதை வாக்கெடுப்பினால் அறிந்த பின்னரே வருவேன் என்றார். வாக்களித்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 79 பேர் முடியாட்சியை வேண்டினர். அதன் பின்னரே அவர் ஏழாம் ஹாக்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினார்.

1940 ஏப்ரலில் ஜேர்மன் படைகள் நோர்வேயைத் தாக்கின. கிவிஸ்லிங் என்பவனைப் பிரதமராக்க வேண்டுமென்று படையெடுத்தோர் அரசரை வற்புறுத்தினர். ஹாக்கன் மன்னர் தம் அமைச்சரவையை நோக்கி, அதற்குத் தாம் உடன்படுவதற்கில்லை என்றும், அரசாங்கம் உடன்படத் தீர்மானித்தால் தாம் முடி துறப்பதாகவும் கூறினார். அமைச்சரவை அவர் பக்கம் நின்றது. அவருடைய மகன் ஓலாவ் மன்னர், 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது வார இறுதியில் மோட்டார் வண்டி ஓட்டுவது தடுக்கப்பட்டிருந்தமையால், சறுக்குக் கட்டைகளுடன் பொதுமக்கள் செல்லும் ரயிலில் ஏறிச் சீட்டுக்குப் பணம் கொடுக்க முன்வந்தார். அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் குடியரசுப் பிரேரணை காலந்தோறும் வருகின்றது; காலந்தோறும் தோற்கின்றது. கேட்கக் கூடாத கேள்வி என்று எவரும் அதனைத் தடுப்பதில்லை. கேள்வி கேட்கப்படுவதனாலேயே விடைக்கு வலிமை உண்டாகின்றது.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 1981 பெப்ரவரியில் ஸ்பெயின் நாட்டுப் பாராளுமன்றத்துள் ஆயுதந் தாங்கியோர் புகுந்து ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது, குவான் கார்லோஸ் மன்னர் தொலைக்காட்சியில் தோன்றிக் குடியாட்சியின் பக்கம் நின்றார். நாடு அவரைக் கொண்டாடியது. அதே மன்னர் 2014 இல் முடி துறந்தார். பணத் தொடர்பான குற்றச்சாட்டுகள் எழுந்த நிலையில், 2020 இல் அவருடைய மகனே தந்தைக்குரிய ஆண்டுப் படியை நிறுத்தினார். அவ்வாண்டு ஓகஸ்டில் முதியவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஒரே மனிதர்! இரவொன்றில் நாட்டைக் காத்தவரும் அவரே. முதுமையில் நாட்டுக்குத் தலைகுனிவைத் தேடித் தந்தவரும் அவரே. பிறப்பு ஒருவருக்கு அரியணையைத் தரலாம்; நற்குணத்தைத் தருவதற்கு அதற்கு ஆற்றலில்லை.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிவர். திருவள்ளுவர் இறைமாட்சி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறள்களையும் ஊன்றிப் படித்துப் பாருங்கள். அஞ்சாமை, ஈகை, கல்வி, நீதி, இன்சொல், பொறை என்று பண்புகளும் செயல்களுமே பேசப்படுகின்றன. இன்ன குலத்திற் பிறந்தவன், இன்னாரின் மகன் என்ற பேச்சே அங்கு இல்லை. முடியரசைத் தவிர வேறு ஆட்சிமுறையைக் கண்டிராத காலத்திலேயே நம் புலவர் பிறப்பை விட்டுச் சிறப்பை எண்ணினார் என்றால், நாம் பின்னோக்கிச் செல்வது அழகன்று.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. பரம்பரை அரசினால் ஏமாற்றமடைவோர் குடிகள் மட்டுமல்லர். தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கு, இன்ன தொழில்தான் நீ செய்ய வேண்டும், இன்ன சமயத்தைத்தான் தழுவ வேண்டும், கட்சியிற் சேரலாகாது, மனத்தில் உள்ளதைச் சொல்லலாகாது என்று விதித்து விடுகின்றோம். தகப்பன் செய்த தொழிலையே மகனும் செய்ய வேண்டுமென்ற கட்டாயம் நம் சமூகத்திலே எத்தனை பேரின் வாழ்வை நெரித்தது என்பதை நாம் அறிவோம். பொன்னாற் செய்ததாயினும் விலங்கு விலங்கே அன்றோ?

நமக்கும் ஒருகால் அந்த முடி இருந்தது. எம் வீட்டுப் பழைய தகரப் பெட்டியொன்றில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த காசுகள் இன்னும் உள. 1948 இல் சுதந்திரம் பெற்ற பின்னரும் 24 ஆண்டுகள் இலங்கை அம்முடியின் கீழேயே இருந்தது. 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிஸபெத் மகாராணியார் இங்கு வந்து பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடக்கி வைத்தார். 1972 மே 22 ஆம் நாள் நாடு குடியரசாயிற்று. மகாதேசாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ அவர்களே முதற் சனாதிபதியானார். பழைய அரசியல் யாப்பில் சிறுபான்மையோர்க்குக் காப்பாக இருந்த 29 ஆம் பிரிவு அத்துடன் மறைந்தது. கடல் கடந்து பிரிவி கவுன்சிலுக்கு முறையிடும் உரிமையோ அதற்குச் சற்று முன்னரே நீக்கப்பட்டிருந்தது. இதனை எண்ணிப் பெருமூச்சு விடும் முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்தம் உள்ளத்தை நாம் இகழோம். ஆயினும் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டமும், 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டமும் அந்த முடியின் பெயராலேயே நிறைவேறின என்பதை மறத்தல் ஆகாது. முடி தலைக்கு அழகு செய்யும். குடைபோல நிழல் தரும் என்று எப்போதும் நம்பியிருக்க முடியாது. மக்களுக்குக் காப்பு, நேர்மையான சட்டமும் அதனை அஞ்சாது காக்கும் நீதிமன்றமுமே.

அரசர் வேண்டாமென்றால் அழகும் சடங்கும் வாழ்விலே இல்லாமற் போகுமே என்று சிலர் வருந்துவர். சைவ மக்களாகிய நமக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை. குடை, கொடி, ஆலவட்டம், சாமரம், மேளம் என அரசர்க்குரிய மரியாதைகள் யாவும் இன்று நம் கோயில்களிலே சுவாமி வீதியுலா வரும்போது நிகழ்கின்றன. நல்லூர்த் தேர் வடத்தைப் பிடிக்கும் ஆயிரமாயிரம் கைகளுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது? நம் ஊர்களில் எத்தனையோ கோயில்களைப் பரம்பரைத் தருமகர்த்தாக்கள் பரிபாலித்து வருகின்றனர். அவர்கள் ஆண்டுதோறும் கணக்கை ஊர்முன் வைக்கும்வரை எவரும் குறை கூறுவதில்லை. கணக்கு மறைக்கப்படும் நாளிலேதான் வழக்குத் தொடங்குகின்றது. பரம்பரை என்பது பொறுப்பாக இருக்கும்வரை மக்கள் பொறுப்பர். அது உடைமையாக மாறும்போது பொறுக்கமாட்டார்.

பிரித்தானிய மக்களும் இவ்வாறு கணக்குக் கேட்டுப் பயன் கண்டவர்களே. 1992 இல் வின்ட்சர் கோட்டை தீப்பற்றியபோது, திருத்தச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் முணுமுணுத்தனர். விளைவு யாது? மகாராணியார் 1993 முதல் வருமான வரி இறுக்க உடன்பட்டார். பக்கிங்ஹாம் அரண்மனையின் கதவுகள் கோடைகாலத்திற் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. திருத்தச் செலவின் பெரும்பகுதி அவ்வகையிற் கிடைத்தது. எனினும் சில கதவுகள் இன்னும் மூடியே உள. அரசர் தம் பின்வரும் அரசருக்கு விட்டுச்செல்லும் சொத்துக்கு மரணவரி இல்லை. தகவலறியும் சட்டம் அரச இல்லத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. மானிய விகிதத்தை மீளாய்வு செய்வோர் மூவர். பிரதமரும் நிதியமைச்சரும் போக, மூன்றாமவர் அரண்மனையின் பணப்பொறுப்பாளரே. பெறுபவரே அளந்து கொள்ளும் படி, படியாகுமா?

எம் கருத்தை இனி வெளிப்படையாகக் கூறுவோம். அரசரை வைத்திருப்பதோ விடுவதோ அந்தந்த நாட்டு மக்களின் உரிமை. 1946 இல் இத்தாலியரும் 1974 இல் கிரேக்கரும் வாக்களித்து முடியை நீக்கினர். 1999 இல் அவுஸ்திரேலியர் வாக்களித்து அதனை வைத்துக்கொண்டனர். இரு சாராரும் தம் உரிமையையே செலுத்தினர். ஆனால் வைத்திருக்கும் நாடு மூன்று நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, பணம் பதவிக்கே அன்றிக் குடும்பத்திற்கு அன்று. சுவீடன் மன்னர் 2019 இல் தம் பேரப்பிள்ளைகள் ஐவரை அரச இல்லத்தின் கடமைகளிலிருந்து நீக்கியது இவ்வழிக்கு ஒரு நல்ல தொடக்கம். இரண்டாவது, தொகையைக் காற்றும் கடலும் தீர்மானிக்கலாகாது; தேவையைக் கேட்டு, பாராளுமன்றம் வெளிப்படையாக விவாதித்துத் தீர்மானித்தல் வேண்டும். மூன்றாவது, “இன்னும் வேண்டுமா?” என்னும் வினாவை எழுப்பும் உரிமை குடிமக்களின் கையில் எப்போதும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து ஒரு பவுண் கொடுத்தாலும் மிகையே.

தமிழிலே இறை என்னும் ஒரு சொல் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், குடிகள் கொடுக்கும் வரியையும் குறிக்கும். ஒரு காலத்தில் இம்மூன்றும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன என்பதற்கு அச்சொல்லே சாட்சி. நாட்டின் பணப்பெட்டியை நாம் இன்றும் திறைசேரி என்றே வழங்குகின்றோம். திறை என்பது தோற்றவன் வென்றவனுக்குக் கட்டுவது. அதனை நிறுத்த அவனுக்கு உரிமையில்லை. ஏன் என்று கேட்கவும் நாவில்லை. கொடை என்பதோ வேறு. கொடுப்பவன் விரும்பிக் கொடுப்பது அது; விரும்பாதபோது கையை மடக்கிக் கொள்ளவும் அவனால் இயலும். அரசருக்காயினும், சனாதிபதிக்காயினும், அமைச்சருக்காயினும் நாம் கொடுக்கும் பணம் இவ்விரண்டில் எது என்று மாணவர்கள் கேட்கப் பழகுதல் வேண்டும். நிறுத்தும் உரிமையோடு கொடுப்பவனே குடிமகன். அவ்வுரிமையின்றிக் கொடுப்பவன், குடியரசில் வாழ்ந்தாலும், இன்னும் திறை கட்டுபவனே.